வலப்பக்கத்தில் ஒரு பெயர்

கிரேக்கர்களின் தேவாலயத் திருவிழாவுக்கு நான் தின்னத்தான் போனேன். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் கிரேக்கப் பெண் மூன்று வருடமாக வா வா என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். கிரான்பர்னில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மகள்தான், ஓட்டப் பழகுபவர்கள் மாட்டும் எல் பிளேட் போட்டுக் காரை ஓட்டினாள். வழி முழுக்க நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முற்றமெல்லாம் இறைச்சி வாட்டும் புகை. கிழவர்கள்கூடக் கைகோத்து வட்டமாக ஆடினார்கள். எங்கள் சனம் கூடினால் மாலை போடுவார்கள், பேசுவார்கள், திரும்பவும் பேசுவார்கள். தேன் ஊற்றிய சூடான மாவுருண்டைகளை மகளும் நானும் ஒரே கிண்ணத்தில் தின்றோம். கொஞ்ச நேரம் சந்தோஷமாகவே இருந்தேன், பொய் சொல்வானேன்.

பிறகு கோயிலுக்குள் போனோம். எந்தச் சாமியானாலும் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவது என் வழக்கம். வாசல் மேசையில் இருந்த முதிய பெண்மணி திரியோடு ஒரு தாளும் தந்தாள். இடப்பக்கம் உயிரோடு இருப்பவர்கள், வலப்பக்கம் இறந்தவர்கள். பெயர்களை எழுதினால் ஞாயிறு பூசையில் பாதிரியார் வாசிப்பார் என்றாள்.

என் கணவர் ஊரில் நடந்த போரின் கடைசி நாட்களில் இராணுவத்திடம் சரணடைந்தவர். அவரைப் பஸ்ஸில் ஏற்றியதை என் கண்ணால் கண்டேன். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. மகள் அப்போது கைக்குழந்தை. இத்தனை வருடத்தில் நான் அவருக்கு ஒரு திதி கொடுத்ததில்லை, பொட்டை அழித்ததுமில்லை. திதி கொடுத்தால் அவரை நானே கொன்றதாகிவிடும்.

பேனாவோடு நின்றேன். பின்னால் வரிசை நீண்டது. மகள் மெல்லப் பேனாவை வாங்கி, இடப்பக்கத்தில் என் பெயரை எழுதினாள். வலப்பக்கத்தில் அப்பாவின் பெயரை எழுதினாள். பள்ளிக்கூடப் படிவம் நிரப்புவதுபோல, கை தயங்கவே இல்லை.

“எப்ப தொடக்கம் இப்பிடி நினைக்கிறாய்?” என்று கேட்டேன்.

“ஆல்வேஸ், அம்மா. உங்களுக்காகத்தான் சொல்லாம இருந்தனான்.”

பிள்ளைக்கு ஒரு அப்பா வேண்டும் என்றுதான் அந்த மனிதரைச் சாகவிடாமல் வைத்திருந்தேன். அவளோ எனக்காக வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

மேசைப் பெண்மணி தாளை மடித்துக் கூடையில் போட்டாள். கை நீட்டினால் எட்டும் தூரம்தான். நான் நீட்டவில்லை. இந்த உலகத்தில் அவருக்காகக் காத்திருப்பவள் நான் ஒருத்திதான். இத்தனை வருடமும் நான் ஒருத்தியாகத்தான் காத்திருந்திருக்கிறேன்.