ஆகவில்லை என்று எழுதிய வைத்தியர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் ஊரை விட்டு வெளிநாடு வந்து மோர்னிங்சைட்டில், ஓர் அப்பார்ட்மென்டின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படிப்பித்த என் கணவர், மார்க்கம் நகரில் தண்ணீர்க் குழாய்களுக்கு முலாம் பூசும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அமிலத் தொட்டியின் மணம் எத்தனை முறை தோய்த்தாலும் அவர் உடுப்பிலிருந்து போகாது.

அவரிடம் நான்கு கொப்பிகள் இருந்தன. ஊரில் ஒரு சித்த வைத்தியர் வீட்டில் இருந்த ஏட்டைப் பார்த்துத் தன் கையால் எழுதியவை. ஒல்லாந்தர் காலத்தில் அவர்களுடைய ஆஸ்பத்திரிக்கு மருந்து செய்து கொடுத்த ஒருவரின் ஏடு அது. பாதரசத்தைச் சுத்தி செய்த விதம், எத்தனை புடம், எத்தனை நாள் எல்லாம் அதில் இருந்தன. செம்பைப் பொன்னாக்கித் தரும்படி ஓர் ஒல்லாந்த அதிகாரி கேட்டாராம். ஏழு தரம் முயன்றும் ‘ஆகவில்லை’ என்று அந்த வைத்தியர் எழுதி வைத்திருந்தார்.

“பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். அந்த மனுசன் நடந்ததை அப்பிடியே எழுதி வைச்சிருக்குது. உதுதான் கெமிஸ்ரி,” என்பார் என் கணவர்.

இரண்டு குளிர்காலம், சனிக்கிழமைகளில் நூலகத்தில் இருந்து அதை ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதினார். இவர் கடிதம் போட்டுக் கேட்டதும் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் அதைக் கொண்டு வரச் சொன்னார். நானும் கூடப் போனேன்.

பேராசிரியர் பொறுமையாக வாசித்துவிட்டு, “மூல ஏடு எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

வைத்தியர் வீடு சண்டையில் செல் விழுந்து எரிந்துபோனதாக அந்த மாதந்தான் கடிதம் வந்திருந்தது. இவர் அதைச் சொன்னார்.

“உங்கள் கைப்பிரதியை மட்டும் வைத்து இதை வரலாறு என்று ஏற்க முடியாது. மன்னிக்க வேண்டும்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. இவர் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு எழும்பினார்.

வீட்டுக்கு வந்ததும் நான், “வேற ஆரிட்டையும் கேட்டுப் பாப்பமே?” என்றேன்.

“நானெண்டாலும் நம்பமாட்டன். விடும்.”

அடுத்த கிழமையே சனிக்கிழமை ஓவர்டைமுக்குப் பெயர் கொடுத்தார். கொப்பிகள் அலுமாரிக்கு மேலே போயின. கொஞ்சக் காலம் தூசு தட்டினேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

மகள் ஹைஸ்கூலுக்குப் போன வருஷம், ஒரு பின்னேரம் தாளோடு வந்தாள். “அப்பா, இந்தக் கெமிஸ்ரி ஈக்குவேஷனை பலன்ஸ் பண்ணிக் காட்டுறீங்களா?”

இவர் அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“எனக்கு உது தெரியாது பிள்ளை. ரீச்சரிட்டைக் கேளுங்கோ,” என்று திருப்பிக் கொடுத்தார்.