மீன்காரர் கொண்டுவந்த ஊசி

சகலருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில், எங்கள் தெருப் பூனைகள் பட்டினி. மீன் வரவில்லை. நேற்றுதான் காரணம் தெரிந்தது. கல்வராயன் மலைக்கு மொபெட்டில் மீன் கொண்டுவரும் ஏழுமலை மாமா, கள்ளக்குறிச்சியில் தம் வீட்டில் உறக்கத்திலேயே காலமாகிவிட்டார்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நான் இந்தப் பூமிக்கு வந்ததே அந்த மொபெட்டில்தான்.

என் அம்மாவின் ரத்தம் நெகட்டிவ். முதலில் பிறந்த அக்காவோ பாசிட்டிவ். மூன்று நாளைக்குள் அம்மாவுக்கு ஓர் ஊசி போட வேண்டும். தவறினால் அம்மாவின் ரத்தமே அடுத்த பிள்ளையின் ரத்தத்தோடு சண்டைக்கு நிற்கும், பிள்ளை தங்காமலும் போகலாம் என்றார் மலை ஆஸ்பத்திரி நர்சம்மா. மருந்து கள்ளக்குறிச்சியில்தான் கிடைக்கும். மழையில் பஸ் ஓடவில்லை. மாமா போனார்.

மறுநாள் பெருமையாக வந்து இறங்கினார். மருந்தை மீனுக்கு அடியில், உப்புப் போட்ட ஐஸில் புதைத்திருந்தார். நர்சம்மா எடுத்துப் பார்த்தார்.

"ஒறைஞ்சி பூட்சி ஏழுமலை. இத்த போடக் கூடாது."

"ஐஸ்ல வெச்சா கெடாதுங்களே மேடம். வஞ்சிரமே கெடல."

"இது இன்னா வஞ்சிரமா? ஜில்லுன்னு இருக்கணும், கட்டியாவக் கூடாது."

மாமா மீன் கூடையை அங்கேயே இறக்கிவிட்டு, நர்சம்மா கொடுத்த தடுப்பூசிப் பெட்டியோடு மறுபடி மலையிறங்கினார்.

இதையெல்லாம் நான் பார்த்ததில்லை. ஆனாலும் கண்ணை மூடினால் தெரிகிறது. பனிமூட்டத்துக்குள் ஒரு சின்ன விளக்கு, வளைவு வளைவாக மிதந்து ஏறுகிறது. எது சாலை, எது மேகம் என்று தெரியவில்லை. இன்னும் பிறக்காத நான் மேகத்தின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, "பாத்து வாங்க மாமா" என்கிறேன். கெடு முடிவதற்குள் ஊசி அம்மாவிடம் வந்து சேர்ந்தது.

அதன்பின் மாமா மீனோடு ஒரு கேள்வியையும் கொண்டுவந்தார். மாசமாயிருக்கும் பெண்களைக் கண்டால், "இன்னா குரூப்பு தாயி, பாத்துட்டியா?" என்பார்.

"மத்தி கேட்டா ரத்தத்தக் கேக்கறியே."

"மத்தி நாளைக்கும் வரும். மொதல்ல போயி பாத்துக்கினு வா."

"எப்பப் பாரு நெகட்டிவாவே பேசிக்கினு இருக்கீங்களே மாமா" என்று வம்பிழுப்பேன். ஒரு நெத்திலி என்மேல் பறந்து வரும்.

நேற்று அவர் வீட்டில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தலைமாட்டில் போய் நின்றேன். "இவரு இல்லன்னா நான் இல்ல" என்று வந்தவர்களிடமெல்லாம் பீற்றினேன்.

போய் வாருங்கள், மாமா. போகுமுன் ஒன்று. போன மாதம் பள்ளியில் ரத்தம் பார்த்தார்கள். நானும் அம்மாவைப் போல நெகட்டிவாம். அந்த ஊசி இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நர்சம்மா சொல்லிவிட்டார். பாசிட்டிவ், எனக்குப் பின் பிறந்த தங்கச்சிதான்; அந்த ஊசி காத்தது அவளைத்தான். நேற்று அவள் என் முதுகுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் மறைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.