கிளிமீனைப் பார்க்கப் போன றீற்றா அக்கா

மொன்ட்ரியாலின் டோர்வல் விமான நிலையத்தில், வெப்பத் தீவொன்றிலிருந்து வந்திறங்கிய விமானத்தில் இருபத்திரண்டாம் வரிசையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. றீற்றா அக்காவின் மகள் கதைத்தாள். "அன்ரி, அம்மா எங்களை விட்டுப் போட்டா." காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவர், மூளையில் இரத்தக் குழாய் வெடித்துக் குசினியிலேயே விழுந்துவிட்டார். என் கையில் வக்கூம் ஓடிக்கொண்டேயிருந்தது. காலடியில் வெள்ளை மணல், சுற்றுலா போனவர்கள் செருப்பில் கொண்டுவந்தது. பதினெட்டு வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்து கூட்டிய மணல்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அக்காவின் தமையன் ஸ்டீபன் அண்ணை கேட்டார். செபமாலை சொன்னதை எழுதலாம், மீன் குழம்பை எழுதலாம். கடலுக்குள் இறங்கிய கதை மட்டும் வேண்டாமாம்.

"சனம் சிரிக்கும், பிள்ளை."

"அண்ணை, சனம் அப்பவே சிரிச்சு முடிச்சிட்டுது."

உப்புத்தண்ணி தலைக்கு ஏறித்தான் போய்ச் சேர்ந்தவர் என்று செத்தவீட்டில் வைத்தியம் சொன்னவர்களும் உண்டு. கடலை விட்டு வந்து இரண்டு வருடம் கழித்து ஏறுகிற உப்பை நான் எந்தக் கடையிலும் காணவில்லை. ஆகவே அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். இதை நீங்கள் மலரில் வாசிக்கிறீர்கள் என்றால் ஸ்டீபன் அண்ணை தோற்றுப்போனார் என்று அர்த்தம்.

ஒரு மாசி மாதம், விமானத்தில் யாரோ விட்டுப்போய்க் குப்பைக்குப் போக இருந்த பிளாஸ்டிக் அட்டை ஒன்று அக்காவிடம் அகப்பட்டது. நீருக்கடியில் கொண்டுபோய்ப் பார்க்கிற மீன் படங்கள். மன்னார்க் கரையில் மீன் விற்று வளர்ந்த அக்கா, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பேனையால் எழுதினார். இது சொதி, இது கருவாடு, கிளிமீன் பொரியல். பிறகு ஒருநாள் அட்டையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆம்பிளையள் கடலுக்குப் போனவை, நாங்கள் கரையிலை நிண்டம். எனக்குத் தெரிஞ்ச மீன் எல்லாம் செத்த மீன்தானடி. உயிரோடை ஒண்டை அதின்ரை வீட்டிலை போய்ப் பாக்கோணும்."

அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. நீந்தத் தெரியாது.

மொன்ட்ரியால்-நோரில் ஒரு நீச்சல் குளத்தில் இரண்டு குளிர்காலம் பழகினோம், முதலாவது நீந்த, அடுத்தது சிலிண்டரோடு மூச்சு விட. ரப்பர் உடுப்புக்குள் அக்காவை ஏற்ற நானும் பயிற்சி தந்த பெட்டையும் இரண்டு பக்கமும் நின்று இழுத்தோம். தலையணைக்கு உறை போடுவது இதைவிடச் சுகம் என்றேன். முகக்கண்ணாடிக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். அதில் மூன்று முறை தோற்று, இருமிக்கொண்டு எழும்பினார். நாலாம் முறையும் இறங்கினார். கோயில் வாசலில் ஒரு மனிசி, இந்த வயதில் இறுக்கமாய் இதென்ன கோலம் என்று கேட்டதற்கு அக்கா சொன்னது:

"சவப்பெட்டியும் இறுக்கம்தான். முதல் இதிலை பழகுறன்."

கரிபியன் கடலில் கயிற்றைப் பிடித்து, காது அடைக்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்தி ஊதி, மெல்ல இறங்கினோம். எனக்குப் பயத்தில் செபமே மறந்துபோனது. அக்கா முன்னே போய்விட்டார். கீழே ஊதா நிறத்தில் விசிறி விசிறியாய்ப் பவளங்கள் ஆடின. நொறுக் நொறுக்கென்று சத்தம். நீலமும் பச்சையுமாய்க் கிளிமீன்கள் பாறையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தன. ஒன்றிலும் கை படக்கூடாது என்று கைகளைக் கட்டிக்கொண்டு அக்கா அசையாமல் பார்த்தார். ஒரு மீன் அவர் முகத்துக்கு நேரே வந்து, திரும்பி, பின்பக்கத்தால் வெள்ளைத் தூளாய்க் கொட்டிவிட்டுப் போனது.

வள்ளத்தில் ஏறியதும் வழிகாட்டி விளக்கினான். கடித்த பாறை அதன் வயிற்றில் அரைபட்டு மணலாய் வெளியேறுகிறதாம். இந்தக் கரைகளின் வெள்ளை மணலில் பெரும் பங்கு அதுதானாம். அக்கா சிலிண்டரைக்கூடக் கழற்றாமல் என்னைப் பார்த்தார்.

"எடியே, இவ்வளவு வருசமா மீன்ரை பீயையோ கூட்டினம்?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது. சிரித்து முடிய, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடல்தொழில் செய்த தகப்பனை நினைத்து, அப்பு இருந்திருந்தால் நானும் கடலுக்குப் போயிட்டு வந்தனான் என்று அவரிடம் சொல்லியிருப்பேன் என்றார்.

செய்தி வந்த அன்று வக்கூமை நிற்பாட்டி, அந்த வரிசையில் மிச்சமிருந்த மணலைக் கையால் கூட்டி மருந்துப் போத்தலில் அள்ளினேன். அடக்கத்தன்று எல்லோரும் குளிரில் இறுகிய மண்கட்டியைப் போட, நான் அதைத் தூவினேன். என்ன மண் என்று ஸ்டீபன் அண்ணை கேட்டார். கடற்கரை மண் என்றேன். பக்தியோடு நெற்றியில் சிலுவை போட்டு, தானும் ஒரு கிள்ளு வாங்கித் தூவினார். மிச்சத்தை இதை வாசிக்கும்போது அறிவார்.

வருகிற மாசியில் நான் திரும்பவும் இறங்குகிறேன். சிரிக்கிறவர்கள் வந்து வரிசையில் நிற்கலாம். அக்காவின் மீன் அட்டை என் கையில் இருக்கும். கிளிமீனுக்குப் பக்கத்தில் 'பொரியல்' என்று எழுதியதை, திரும்பி வந்த விமானத்திலேயே அவர் வெட்டிவிட்டார். கீழே, 'எங்களுக்கு வேலை தந்தவர்' என்று எழுதியிருக்கிறார்.