சமம் என்றாள் இன்ஷிராஹ்

அலெக்சாந்திரியாவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், அடுத்த வீட்டில் இருந்தவள் இன்ஷிராஹ். பெண்கள் பள்ளியில் வடிவியல் நடத்துகிற டீச்சர். புருஷன் ஷெஹாத்தா டிராம் ஓட்டுபவர். பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச்சு அவளுடையது, சிரிப்பு அவருடையது.

ஒரு குளிர்காலத்தில் அவளைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளியது. கைகால் மெல்லத் தேறியது, பேச்சு வரவில்லை. கேட்பதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான். பிறகு திறப்பதையே விட்டுவிட்டாள். ஷெஹாத்தா லீவு போட்டு, அவித்த மொச்சையை மசித்து ஊட்டினார், ஊர்க்கதை பேசினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெயில் வந்த ஒரு காலையில் நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பால்கனியில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, ஷெஹாத்தா இணையாகக் கட்டியிருந்த இரண்டு கொடிக்கயிறுகளின் மேல் துடைப்பக்கட்டையைச் சாய்வாக வைத்தார்.

“டீச்சரம்மா, உன் பாடம்தான். ரெண்டு கயித்துக்கும் நடுவுல பாரு. இந்தக் கயித்துல, கட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு மூலை. அந்தக் கயித்துல, கட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு மூலை. எது பெருசு?”

அவள் திரும்பவில்லை.

“எனக்கு அந்தப் பக்கத்து மூலைதான் பெருசாத் தெரியுது. கரீமா, நீ என்னம்மா சொல்ற?”

“எனக்கும் அப்படித்தான் படுதுண்ணே,” என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது.

இன்ஷிராஹ் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சுவரைப் பிடித்து எழுந்தாள். ஒரு மூலையைத் தொட்டாள், மற்றதைத் தொட்டாள். உதடு துடித்தது.

“ச... ச...”

“சரியா? நான் சொன்னது சரியா?”

“சமம்!” என்று கத்தினாள். “சமம்... மண்டு!”

ஷெஹாத்தா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். “இன்னொரு தடவை திட்டும்மா,” என்றார்.

அதன்பிறகு தினமும் கட்டையை மாற்றி மாற்றி வைத்து, வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார். அவள் சண்டைக்கு வருவாள். ஒருநாள் ஒரு கயிற்றின் முனையை அவிழ்த்துக் கோணலாகக் கட்டிவிட்டு, “இப்பவும் சமம்தானே?” என்றார்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். “இல்ல. கயிறு... இணையா இல்ல. அதனால... சமம் இல்ல.”

நான் கைதட்டினேன். அவர் அவள் நெற்றியில் முத்தமிட்டார்.

அடுத்த கல்வியாண்டில் இன்ஷிராஹ் பள்ளிக்குத் திரும்பினாள். இன்னும் திக்கும். சொல் சிக்கும்போது மாணவிகள் எடுத்துக்கொடுக்க விடமாட்டாளாம். பொறுங்கள் என்று கையைக் காட்டுவாளாம். அந்த வாயாடிப் பெண்கள் நாற்பது பேரும் பேசாமல் காத்திருப்பார்களாம்.