குசினிச் சுவரில் இருந்தவை

வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதுக்குப் பத்து நிமிடம். எங்கள் மணிக்கூடு மூன்று நிமிடம் முந்தி ஓடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோளகக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மலேரியாவுக்கு வீட்டுச் சுவர்களில் மருந்து அடிக்கும் இருவர் தோளில் மருந்துத் தாங்கியோடு வாசலில் வந்து நின்றார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடு வாய்க்காலோரம் குடியேறி எங்களுக்கு அது இரண்டாவது ஆண்டு. தம்பி காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். மருந்து அடித்தே தீரவேண்டும் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமில்லை. சிக்கல், நாங்கள் சமைக்கும் குசினியின் மண்சுவரில் இருந்தது. அங்கே ஓர் ஓட்டையிலிருந்து பிசினால் செய்த குழாயொன்று விரல் நீளத்துக்கு நீண்டிருக்கும். எள்ளளவு கறுப்புப் பூச்சிகள் அதன் வழியே போய்வரும். அம்மாவின் தங்கையான சின்னம்மா, கணவரை இழந்தபின் போக வேறு வீடில்லாமல் எங்களோடு இருந்தவர், தினமும் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் அரிசி களைவார்.

"இந்தச் சுவரை மட்டும் விடச் சொல்லுங்கோ அத்தான். இது தேனீ."

"தேனீயெண்டால் கொட்டும்," என்ற அப்பா, ஒன்றைப் பிடித்துத் தன் கையில் வைத்து அமுக்கிக் காட்டினார். "பார், கொட்டேல்லை. இது ஈ."

"ஈ பிசினில வாசல் கட்டுமே?"

"கட்டினால் அது கட்டத் தெரிஞ்ச ஈ!"

மருந்துக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது என் பேத்தி பூச்சிகளைப் பற்றிப் படிக்கிறாள். அவையும் தேனீக் குடும்பத்தைச் சேர்ந்தவைதானாம். கொடுக்குக்கூட உண்டாம், கொட்ட உதவாதபடி தேய்ந்துபோனது. சிறகின் நரம்புகளைப் பார்த்தும் இனம் பிரிப்பார்களாம். அன்று சிறகைப் பார்க்க யாருக்குப் பொறுமை இருந்தது?

அந்தச் சுவருக்கும் மருந்து அடித்தார்கள். மத்தியானத்துக்குள் சுவரடியில் பூச்சிகள் கறுப்பாக உதிர்ந்து கிடந்தன. நூற்றிருபது வரை எண்ணினேன், பிறகு கணக்குத் தவறிவிட்டது. பின்னேரம், ஓட்டையை மண் அப்பி அடைப்பதற்காக அப்பா இரும்பு அலவாங்கால் அதைச் சற்றே இடித்துப் பெரிதாக்கினார். உள்ளே திராட்சைக் குலைபோல் சின்னச் சின்ன மெழுகுக் குடங்கள். இரண்டு மூன்று உடைந்து, தேன் சுவரில் வழிந்தது. நஞ்சு பட்ட தேன். யாரும் தொட்டு நக்கவில்லை.

அப்பா அலவாங்கைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு சின்னம்மாவின் முகத்தைப் பார்க்காமலே, "இது என்ன?" என்று கேட்டார்.

சின்னம்மா வழிந்ததைப் பழந்துணியால் துடைத்தார்.

"ஈதான் அத்தான். நீங்கள் சொன்னது சரி."

அப்பா வென்றுவிட்டார் என்று நான் கைதட்டினேன். அம்மா வந்து என் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். வென்றவருக்குக் கைதட்டுவதில் என்ன பிழை என்று அன்று எனக்கு விளங்கவில்லை.