சதுரங்கப்பட்டினத்தில் ரோஸ்மேரி வாடை

கடந்த மாசியில் ஒரு சனிக்கிழமை சதுரங்கப்பட்டினம் போனேன். எல்லோரும் டச்சுக் கோட்டைக்காகப் போவார்கள், நான் போனது கருவாட்டுக்காக. என் கல்லூரித் தோழன் முருகனுக்கு நெஞ்சு வலி வந்து, இனி கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் மனைவி தேவகி போடும் மத்திக் கருவாட்டை நம்பித்தான் குடும்பம். சென்னை வியாபாரி ஒருவர் அன்று சரக்கைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துவிட்டால் மாதாமாதம் எடுத்துக்கொள்வார்.

செங்கல்பட்டில் காலை எட்டு மணிக்குப் பேருந்து. திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் முப்பது கிலோமீட்டர். ஜன்னலோரம் உட்காராதீர்கள், புழுதி மூஞ்சியில் அப்பும்.

மத்தி கொழுப்பு மீன். காயவைத்தாலும் நாளாக ஆக அதன் எண்ணெய் காறிப்போகும். ரோஸ்மேரி என்ற வெளிநாட்டு மூலிகையின் சாறு சேர்த்தால் காறல் தள்ளிப்போகும் என்று வியாபாரியே சொல்லியிருந்தார். உண்மைதான், எண்ணெய்ப் பண்டங்களில் அதற்காகவே சேர்க்கிறார்கள். தேவகி வாங்கியதோ மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் போகும் கடையில், தலைக்குத் தேய்க்கிற ரோஸ்மேரி எண்ணெய். உப்பை அள்ளிப் போட்டே பழகிய கை வேறு. பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீரில் கவிழ்த்து, மொத்த மீனையும் ஊறவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.

முருகன் வீட்டுத் தெருமுனையிலேயே அந்த எண்ணெயின் கற்பூர நெடி மூக்கில் ஏறியது. வியாபாரி ஒரு மீனை உடைத்து முகர்ந்தார்.

“இன்னாம்மா இது, கருவாடா தைலமா?”

“பாட்டில்ல ரோஸ்மேரின்னுதாண்ணா போட்டுருந்துச்சி,” என்றார் தேவகி.

“இத்த எவன் துன்னுவான்?”

கையைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். எனக்கு அந்த ஆள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் நானும் ஒரு துண்டை வாயில் போட்டுத் துப்பியவன்தான்.

சாயங்காலம் மணலில் குழி தோண்டி எல்லாவற்றையும் கொட்டினோம். காக்கைகூடக் கிட்ட வரவில்லை.

“நாளைக்கு நான் போட்ல போறேன் மச்சான்,” என்றான் முருகன்.

“டாக்டரு இன்னா சொன்னாரு, மறந்துட்டியா?” தேவகி கத்தினார்.

“டாக்டரா வந்து சோறு போடுவாரு?”

நான் குழியை மணல் போட்டு மூடினேன்.

ரோஸ்மேரி வாங்க நினைப்பவர்களுக்கு: உணவுக்கான சாறு வேறு, தலைக்கான எண்ணெய் வேறு. கடையில் கேட்டு வாங்குங்கள். உணவுக்கானதில் வாசனை அவ்வளவாக இருக்காது, கொஞ்சம் சேர்த்தாலே போதும். தலைக்கானதில் சில சொட்டைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தேய்த்தால் முடி கொட்டுவது குறையும் என்கிறார்கள்.

கோட்டைக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். அங்கிருந்து கரைக்கு நடந்தால், படகு திரும்பும் நேரத்தில் ஒரு பெண் கடலையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவரிடம் உடனே கருவாடு விலை கேட்காதீர்கள். முதலில் முருகன் போன படகு கரைக்கு வரட்டும்.