மொட்டைத் தலைக்கு வாங்கின ஹெல்மெட்

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன். மறதியும் உண்டு. பஜனையில் எழுந்து பேச வெட்கம். அதனால் எழுதித் தருகிறேன்.

என் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்துதான் போய்ச் சேர்ந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார். லூஸாக இருந்ததால் விழும்போதே கழன்று உருண்டுவிட்டது. போன ஆனியில் என் மகன் கணேசன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தான். வந்ததும் தார் ரோட்டிலும் மலைப்பாதையிலும் ஓடுகிற உயரமான பைக் ஒன்று வாங்கினான். எனக்குச் சோறு இறங்கவில்லை. முருகா, அவன் தலையைக் காப்பாற்று, மொட்டை போடச் சொல்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

தென்காசியில் ஹெல்மெட் எடுக்க நானும் போனேன். நெற்றிக்கு மேல் தகடு நீட்டிக்கொண்டிருக்கிற வகை.

"வேகத்துல காத்து இந்தத் தகட்டத் தூக்கும் ஆச்சி. லூஸா இருக்கவே கூடாது. பிடிச்சுத் திருப்புனா கன்னமும் கூட வரணும்" என்றார் கடைக்காரர்.

நாலைந்து மாட்டிப் பார்த்து, கன்னத்தைக் கவ்வுகிற ஒன்றை எடுத்தோம். மறுநாள் கோயிலில் மொட்டை போட்டான்.

அதற்கடுத்த நாள் காலையில் கூட்டாளிகளோடு குற்றாலத்துக்குக் கிளம்பினான். சந்தனம் பூசிய தலையில் ஹெல்மெட்டை மாட்டினான். நான் பிடித்துத் திருப்பினேன். ஹெல்மெட் சுற்றியது, தலை சுற்றவில்லை! அத்தனை அடர்த்தியான சுருட்டை முடி போனதில் உள்ளே இடம் விழுந்துவிட்டது. எல்லாம் என் நேர்த்திக்கடனால் வந்தது.

"போவாதய்யா!"

"தாடை வார இறுக்கிக் கட்டுனா போதும்மா. பயலுவ காத்துக் கெடக்கானுவ."

சாமி படத்துக்கு முன்னால் விழுந்து அழுதேன். முருகா, இவனை இப்படியே அனுப்பாதே என்றேன். அந்த நிமிஷமே வாசலில் சத்தம்.

"எம்மா, கண்ணு தெரியலம்மா! வந்து தூக்கிவிடு!"

ஷூ கயிறு கட்டக் குனிந்திருக்கிறான், ஹெல்மெட் மூக்கு வரை இறங்கிவிட்டது. அழுகையோடு சிரித்துவிட்டேன்.

ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனோம்.

"மொட்ட போடப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அண்ணாச்சி?" என்று கடைக்காரர் சிரித்தார். உள்ளே இருந்த மெத்தையை எடுத்துவிட்டுத் தடித்ததாக வைத்தார். பிடித்துத் திருப்பினேன். கன்னம் கூடவே வந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே மலைப்பாதையில் சாரல் சேற்றில் பைக் வழுக்கி, பாறையில் தலை அடிக்க விழுந்தான். தகடு உடைந்தது. ஹெல்மெட் இம்மியும் நகரவில்லை!

"எம்மா, ஒரு கீறல் கூட இல்ல!" என்று போனில் கத்தினான். "முருகா!" என்று நானும் கத்தினேன். என் சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது.

அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாதாம். புதிது வாங்கியாயிற்று. இப்போது அவன் கிளம்பினால் திருநீறு பூசிச் சிரித்து அனுப்புகிறேன். நீங்களும் முருகனை நம்பிக் கேளுங்கள், கட்டாயம் செவி கொடுப்பான். ஆனால் மொட்டையைப் போட்டுவிட்டு ஹெல்மெட் எடுங்கள். கடைக்காரர் சொன்னதை நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று, விவரம் தெரிந்த யாராவது ஒரு தடவை பார்த்துத் திருத்துங்கள். ஒரு பிள்ளையின் தலை விஷயம்.